கொழுப்பு கரையும் என்று வெங்காரம் தின்ற மாணவி பலி: ‘நாட்டு மருந்துதானே’ என்ற நினைப்பு விஷமானது எப்படி?

விளாங்குடி:

மதுரை செல்லூர் பகுதியைச் சேர்ந்த 19 வயது கல்லூரி மாணவி ஒருவர், உடம்பு இளைக்க வேண்டும் என்ற ஆசையில் வெங்காரத்தை வாங்கித் தின்று பரிதாபமாக இறந்தார். 2026-ம் ஆண்டு ஜனவரி மாதம் பொங்கல் விடுமுறையில் நடந்த இந்த சம்பவம் மதுரையையே உலுக்கியது.

செல்லூருக்கும் விளாங்குடிக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். பாத்திமா கல்லூரிக்கு தினமும் பஸ் ஏறி வரும் பிள்ளைகள், ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவர்கள், அரப்பாளையம், கூடல்நகர் பக்கம் கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் என்று எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. அந்த மாணவி பார்த்தது போன்ற வீடியோ இவர்கள் கண்ணில் படாமல் இருக்காது. அதனால்தான் இந்த விஷயத்தை ஒரு நாள் செய்தியாகப் படித்துவிட்டு விட்டுவிட முடியவில்லை.

நடந்தது என்ன?

மாணவி கொஞ்சம் பருமனாக இருந்ததால் உடம்பைக் குறைக்க வழி தேடியிருக்கிறார். வெங்காரம் சாப்பிட்டால் கொழுப்பு கரைந்து உடம்பு ஒல்லியாகும் என்று யூ டியூப்பில் ஒரு வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள். ஜனவரி 16-ந்தேதி கீழமாசி வீதி பக்கம் நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கினார். மறுநாள், அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு நடந்த அதே 17-ந்தேதி காலையில், வீடியோவில் சொன்னபடி சாப்பிட்டார்.

சற்று நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. தனியார் ஆஸ்பத்திரிக்கு கூட்டிப் போனார்கள். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தார். சாயங்காலம் திரும்பவும் அதே தொல்லை. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி வீடு. இரவில் வயிற்று வலி தாங்க முடியாமல் போனது. அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனபோது உயிர் இல்லை. செல்லூர் போலீசார் வழக்குப்பதிவு செய்தனர்.

காலையில் நன்றாக இருந்த பெண் இரவில் இல்லை. இடையில் இருந்தது சுமார் ஒரு பகல். அந்த ஒரு பகலில் உடம்புக்குள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

வெங்காரம் என்பது என்ன?

வெங்காரத்துக்கு இங்கிலீஷில் போராக்ஸ் என்று பெயர். சோடியம், போரான் கலந்த ஒரு உப்பு. வெள்ளைக் கட்டியாக, பார்க்க கற்கண்டு மாதிரி இருக்கும். பொடித்தால் உப்பா, சோடாவா என்று தெரியாது.

மதுரைக்காரர்களுக்கு இது புதுப் பொருள் இல்லை. தெற்காவணி மூல வீதியில் நகை செய்யும் ஆசாரிகளைக் கேட்டால் தெரியும். பற்ற வைக்கும்போது வெங்காரம் தடவித்தான் ஊதுவார்கள். உலோகத்தின் மேல் படிந்த அழுக்கை அது கரைத்து எடுத்துவிடும். அழுக்கைக் கரைப்பது கொழுப்பையும் கரைக்கும் என்று எவரோ முடிச்சுப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. ஆசாரி அதை வைப்பது நெருப்பில். வீடியோக்காரர் வைக்கச் சொல்வது வயிற்றில்.

துணி வெளுக்கவும், கண்ணாடி, பீங்கான் செய்யவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இதன் தம்பி போரிக் ஆசிட். கேரம் போர்டில் காய் வழுக்கத் தூவும் பவுடரும், கரப்பான் பூச்சியைக் கொல்ல மூலையில் வைக்கும் பொடியும் அதுதான். சாப்பாட்டுப் பொருளில் போராக்ஸ் கலக்க நம் நாட்டில் அனுமதி கிடையாது. கலந்து விற்றால் உணவு பாதுகாப்புத் துறை வழக்குப் போடும்.

இன்னொரு சிக்கல் பெயரில் இருக்கிறது. வெங்காரம், படிகாரம், அப்பளக்காரம், சவுக்காரம், நவச்சாரம் என்று கடையில் அடுத்தடுத்து டப்பாவில் இருக்கும். பாதிக்கு மேல் வெள்ளையாக இருக்கும். அப்பளத்துக்குப் போடுகிற காரம் வேறு, தண்ணீர் தெளிய வைக்கும் படிகாரம் வேறு, ஆசாரி வைக்கும் வெங்காரம் வேறு. ‘காரம்’ என்று முடிந்தால் எல்லாம் சமையல் சாமான் என்று இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் நினைத்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பாட்டி இருந்த வீட்டில் இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது.

சித்த மருத்துவத்தில் உண்டே?

உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை. சித்த மருத்துவத்தில் வெங்காரம் சேர்க்கும் மருந்துகள் இருக்கின்றன. ஆனால் கடையில் வாங்கிய கட்டியை அப்படியே யாரும் கொடுப்பதில்லை. சட்டியில் போட்டு, அதில் உள்ள நீரெல்லாம் போய், பொரி மாதிரி உப்பும் வரை பொரிப்பார்கள். அதனால்தான் பொரிகாரம் என்றே அதற்கு ஒரு பெயர். அதற்குப் பிறகும் கொடுப்பது ரொம்பக் கொஞ்சம். வேறு சரக்குகளோடு சேர்த்து, நோயாளியின் வயது, உடம்பு பார்த்து, படித்த சித்த மருத்துவர் கொடுக்க வேண்டியது.

பொரித்துவிட்டால் விஷம் போய்விடும் என்றும் நினைக்கக்கூடாது. பொரித்தால் போவது தண்ணீர். போரான் அப்படியே இருக்கும். அளவுதான் இங்கே காவல்.

வாய்ப்புண்ணுக்கு வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவும் பழக்கம் பல ஊர்களில் இருந்தது. வெளிநாடுகளிலும் கைக்குழந்தையின் ரப்பர் சூப்பானை தேனும் போராக்சும் கலந்த கலவையில் தொட்டு வாயில் வைத்தார்கள். பல வாரம் அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை டாக்டர்கள் கண்டுபிடித்து எழுதிய பிறகு அந்தப் பழக்கத்தை நிறுத்தினார்கள். நாக்கில் தடவியதற்கே இந்தக் கதி. கரைத்துக் குடித்தால்?

உடம்புக்குள் என்ன செய்கிறது?

வெங்காரம் வயிற்றுக்குள் போனதும் முதலில் குடலின் உட்புறத்தை அரிக்கிறது. அதனால்தான் வாந்தியும் பேதியும். அளவு கூடினால் ரத்தமும் சேர்ந்து போகும். உடம்பில் உள்ள தண்ணீரும் உப்பும் வெளியேறி ரத்த அழுத்தம் விழுகிறது. இன்னொரு பக்கம், ரத்தத்தில் கலந்த போரானை வெளியே தள்ள வேண்டியது சிறுநீரகம். தண்ணீர் வற்றிப்போன உடம்பில் சிறுநீரகம் அந்த வேலையைச் செய்ய முடியாமல் திணறும். போரான் உள்ளேயே தங்கும். தோல் சிவந்து உரியலாம், வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம்.

இதற்கென்று மாற்று மருந்து எதுவும் கிடையாது. நேரத்துக்குத் தெரிந்தால் குளுக்கோஸ் ஏற்றி, உப்புச் சத்தை சரி செய்து, தேவைப்பட்டால் டயாலிசிஸ் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யலாம்.

இந்தச் சாவில் ரொம்பக் கொடுமையான விஷயம் ஒன்று உண்டு. வாந்தி, பேதி வந்ததும் ‘மருந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, கொழுப்பு வெளியேறுகிறது’ என்று நம்ப வைக்கும் பேச்சு நம் ஊரில் நிறைய. ‘கழிவு வெளியேறுது, பயப்படாதீங்க’ என்பார்கள். இரண்டு நாள் பேதி போனால் மெஷினில் ஏறி நின்றால் இரண்டு, மூன்று கிலோ குறைந்திருக்கும், உண்மைதான். குறைந்தது தண்ணீர். நாலு சொம்பு தண்ணீர் குடித்து, சோறு சாப்பிட்டால் அந்த எடை திரும்பி வந்துவிடும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்புக்குள் சுமார் 7 ஆயிரத்து 700 கலோரி இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு செலவாவது சுமார் 2 ஆயிரம் கலோரி. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பட்டினி கிடந்தால்கூட ஒரு கிலோ கொழுப்பு கரைய கிட்டத்தட்ட 4 நாள் ஆகும். இந்த லட்சணத்தில் ‘7 நாளில் 10 கிலோ’ என்று ஒருவர் சொன்னால் அது கணக்கிலேயே இடிக்கிறது.

உடம்பையே அடுப்பாக்கிய மஞ்சள் பொடி

வெங்காரம் கொழுப்பைத் தொடுவதே இல்லை. ஆனால் நிஜமாகவே கொழுப்பை எரிக்கும் ரசாயனம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. அதன் கதையைக் கேட்டால் வெங்காரமே தேவலை என்று தோன்றும்.

அதன் பெயர் டைநைட்ரோபீனால். சுருக்கமாக டி.என்.பி. மஞ்சள் நிறப் பொடி. முதல் உலகப் போரின்போது பிரான்சில் வெடிமருந்து தொழிற்சாலைகளில் இதைக் கையாண்ட தொழிலாளர்கள் உடம்பு மெலிந்தார்கள், வேர்த்துக் கொட்டியது, காய்ச்சல் கண்டது, சிலர் செத்தும் போனார்கள். தொழிலாளி மெலிந்து செத்ததைப் பார்த்த உலகம் அதிலிருந்து கற்றுக்கொண்டது என்ன தெரியுமா? இதை குண்டானவர்களுக்கு விற்கலாம் என்பதை.

1933-ம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக டாக்டர்கள் இதை உடம்பு குறைக்கும் மருந்தாகச் சோதித்து எழுதினார்கள். அடுத்த ஆண்டுக்குள் அந்த நாட்டில் ஒரு லட்சம் பேராவது சாப்பிட்டிருப்பார்கள் என்று அவர்களே கணக்கு சொன்னார்கள். எடை குறைந்தது நிஜம். கூடவே இளம் பெண்களுக்குக் கண்புரை வந்தது. சிலர் உடம்பு சூடேறி இறந்தார்கள். 1938-ல் அமெரிக்காவில் புதிய மருந்துச் சட்டம் வந்தது. மனிதர்கள் சாப்பிடத் தகாத ஆபத்தான பொருள் என்று அறிவித்து டி.என்.பி.யை மார்க்கெட்டில் இருந்து எடுத்தார்கள்.

அது எப்படிக் கொல்கிறது? நாம் சாப்பிடும் சோற்றை உடம்பு எரித்து அதில் வரும் சக்தியில்தான் இதயம் துடிக்கிறது, கை கால் அசைகிறது. இந்தப் பொடி உள்ளே போனால் எரிவது மட்டும் நடக்கும். சக்தி சேராது. எல்லாம் சூடாகவே போய்விடும். அடுப்பில் பாத்திரம் வைக்காமல் கேஸைத் திறந்துவிட்ட மாதிரி. சிலிண்டர் காலியாகும், சோறு வேகாது, அடுப்படி அனலாகும். உடம்பு தன் சூட்டிலேயே வேகும். இது சாதாரணக் காய்ச்சல் இல்லை என்பதால் காய்ச்சல் மாத்திரை கேட்காது. இதற்கும் மாற்று மருந்து இல்லை.

தடை செய்து 80 வருஷம் கழித்தும் விற்பனை நின்றபாடில்லை. 2015-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி ஊரில் 21 வயது மாணவி இன்டர்நெட்டில் வாங்கிய டி.என்.பி. மாத்திரைகளைச் சாப்பிட்டு இறந்தார். அதே ஆண்டு இன்டர்போல் உலக நாடுகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது. மாத்திரை விற்ற ஆளுக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. இங்கிலாந்தில் 2007-ல் இருந்து இந்தப் பொடிக்கு 30-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். கடைசியில் 2023-ல்தான் அங்கே இதை விஷப் பட்டியலில் சேர்த்தார்கள்.

செல்லூர் மாணவிக்கு 19, ஷ்ரூஸ்பரி மாணவிக்கு 21. இரண்டு பேரும் படிக்கிற பெண்கள். இரண்டு பேருக்கும் செல்போன் வழியாகத்தான் விஷம் வந்தது.

வீட்டு அலமாரியிலும் ஆபத்து

டி.என்.பி. நம் ஊர்க் கடையில் கிடைக்காது என்று நிம்மதியாக இருக்க முடியாது. வீட்டு அலமாரியிலேயே ஒன்று இருக்கிறது. அம்மா சாப்பிடும் தைராய்டு மாத்திரை. ‘அதைச் சாப்பிட்டா உடம்பு இளைக்கும்’ என்று பெண்கள் மத்தியில் ஒரு பேச்சு ஓடுகிறது. தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கு அது மருந்து. நன்றாகச் சுரக்கிறவர் அளவுக்கு மேல் சாப்பிட்டால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் வராது, இதயத் துடிப்பு தாறுமாறாகும். எடை குறைக்க இதைப் பயன்படுத்தக்கூடாது, உயிருக்கே ஆபத்து என்று அமெரிக்காவில் அந்த மருந்தோடு வரும் தாளிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போடுகிறார்கள்.

நீர் பிரியும் மாத்திரையும் இதே ரகம்தான். எடை குறையும். பொட்டாசியமும் சேர்ந்து குறைந்து இதயம் தடுமாறும்.

‘மூலிகை’ என்று எழுதி வரும் கேப்சூல்களையும் நம்ப முடியாது. சிபுட்ரமின் என்று ஒரு பசி அடக்கும் மருந்து இருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் ஏற்படுத்துகிறது என்று தெரிந்து 2010-ல் வெளிநாடுகளில் எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் 2011 பிப்ரவரியில் தடை செய்தார்கள். ஆனால் ‘இயற்கை மூலிகை, ஒல்லியாக்கும்’ என்று விற்கும் எத்தனையோ பொருளில் இதைக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அதிகாரிகள் பரிசோதனையில் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மூலிகைக்கு இவ்வளவு சீக்கிரம் பசி அடங்குதே என்று சந்தோஷப்படுகிறவர், அதற்குள் என்ன இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான்.

2025-ல் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோ, வெகோவி ஊசிகள் வேறு கணக்கு. அவை பல நாடுகளில் சோதனை செய்து வந்தவை. ஆனால் டாக்டர் சீட்டு வேண்டும், பக்கவிளைவு உண்டு. மாதம் பல ஆயிரம் என்ற விலையில்தான் வந்து இறங்கின. தினக்கூலி வீட்டுப் பெண் அந்த விலையைக் கேட்டுவிட்டு நாட்டு மருந்துக் கடைப் பக்கம் திரும்புவதில் ஆச்சரியம் இல்லை. வெங்காரத்துக்கு யாரும் சீட்டு கேட்பதில்லை.

யார் கேட்பது?

செத்த பெண்ணை ‘படிச்ச பிள்ளை, யோசிக்க வேண்டாமா?’ என்று கேட்டவர்கள் உண்டு. விற்றவரையும் சொன்னவரையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி அது.

சட்டம் இல்லாமல் இல்லை. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் 1954-ம் ஆண்டிலேயே வந்தது. இன்னின்ன நோயைத் தீர்ப்போம் என்று மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. உடல் பருமனும் அந்தப் பட்டியலில் உண்டு. முதல் தடவை தண்டனை பெற்றால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஒரு வருடம் வரை. பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிற காலத்தில் எழுதிய சட்டம். நோட்டீஸ் ஒட்டினவரை பசை காயும் முன் பிடித்துவிடலாம். எங்கோ உட்கார்ந்து வீடியோ போடுகிறவரை, அதுவும் ‘நான் விளம்பரம் செய்யவில்லை, குறிப்புதான் சொன்னேன்’ என்கிறவரை, எந்த ஸ்டேஷன் போலீசார் போய்ப் பிடிப்பது?

கடைக்காரர் பக்கமும் ஒரு வார்த்தை. நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் விற்பது பரம்பரையாக நடப்பது. ஆசாரி வாங்குவார், சலவைக்கு வாங்குவார்கள். காலேஜ் படிக்கும் பெண் வந்து கேட்டால் ‘எதுக்கும்மா?’ என்று ஒரு கேள்வி கேட்க எந்தச் சட்டமும் தேவையில்லை. பொட்டலத்தில் ‘உள்ளுக்குச் சாப்பிடக்கூடாது’ என்று ஒரு வரி எழுதி ஒட்டவும் பெரிய செலவில்லை. பேப்பரில் மடித்துக் கொடுக்கும் பொட்டலத்தில் பெயர்கூட இருப்பதில்லை. அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனால் டாக்டருக்கும் என்னவென்று தெரியாது.

அந்தப் பெண்கள் மேல் இருக்கும் நெருக்கடியையும் பார்க்க வேண்டும். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பெண்களில் 40 பேர் அதிக எடை உள்ளவர்கள் என்று தெரியவந்தது. ஆண்களில் 37 பேர். ஆனால் தொப்பை உள்ள ஆம்பளையை ‘நல்லா சாப்பிடுற உடம்பு’ என்பார்கள். பெண்ணை மட்டும் பஸ்சில், கல்யாண வீட்டில், மாப்பிள்ளை பார்க்க வந்த இடத்தில் ‘கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க’ என்பார்கள். சொல்லிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிடுவார்கள். சொல்லப்பட்ட பெண் அன்றைக்கு ராத்திரி செல்போனைத் திறந்து தேட ஆரம்பிப்பாள்.

வாரத்துக்கு அரை கிலோவில் இருந்து ஒரு கிலோ வரை குறைந்தால் போதும், அதுதான் உடம்பு தாங்கும் வேகம் என்கிறார்கள் டாக்டர்கள். சாதம், பரோட்டா, இனிப்பு டீ அளவைக் குறைப்பதும், தினமும் வேகமாக நடப்பதும்தான் வழி. இதை வீடியோ போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு மணி நேர நடையில் கரைவது 200, 250 கலோரிதான். ரெண்டு பரோட்டா, சால்னா சாப்பிட்டால் அது போச்சு. திடீரென்று எடை ஏறுகிறது, மாதவிடாய் தள்ளிப் போகிறது என்றால் தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக் கொள்ளலாம். சித்த மருந்துதான் வேண்டும் என்கிறவர்களுக்கும் அரசு ஆஸ்பத்திரிகளில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது.

வெங்காரமோ, பெயர் தெரியாத பொடியோ, மாத்திரையோ யாராவது சாப்பிட்டுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உப்புக் கரைசல் கொடுத்து வீட்டில் வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக வேண்டும். மிச்சம் இருக்கும் பொட்டலத்தையும், வீடியோ பார்த்த செல்போனையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். திட்டு விழும் என்று பயந்து பிள்ளைகள் சாப்பிட்டதைச் சொல்லாமல் இருப்பார்கள். வெறும் பேதி என்று நினைத்துக் கொடுக்கும் மருந்து வேறு, விஷம் என்று தெரிந்து கொடுக்கும் சிகிச்சை வேறு. டெல்லி எய்ம்சில் இருக்கும் தேசிய விஷ தகவல் மையத்தை 1800 116 117 என்ற இலவச நம்பரில் ராத்திரி, பகல் எந்த நேரமும் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம்.